பர்கர் விலை நேரத்துக்கு நேரம் மாறுமா? கேள்வி பதில்

டெக்சாஸில் பல பர்கர் கடைகள் வைத்திருக்கும் ஒரு பிரான்சைஸ் உரிமையாளரிடம் (பெரிய கம்பெனியின் பெயரை வாங்கித் தன் பணத்தில் கடை நடத்துபவர்) கணக்குப் பார்ப்பது என் வேலை. இறைச்சி பில், கூலிப் பட்டியல், விலை மாற்றம் எல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். அந்த வரம்புக்குள் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன். முதலிலேயே ஒன்று: டெலிவரி ஆப்பில் காட்டும் விலையைக் கடை விலை என்று நினைத்துக்கொண்டு கேட்காதீர்கள். இரண்டும் வேறு.

டாலஸ்: அக்கா, வெண்டீஸ் பர்கர் கடைகளில் கூட்ட நேரத்தில் விலை ஏறும் என்று 2024-இல் பெரிய கூச்சல் கிளம்பியதே, உண்மையில் என்ன நடந்தது?

அந்த வருடம் பிப்ரவரி நடுவில், முதலீட்டாளர்களோடு நடந்த காலாண்டுப் பேச்சில் அப்போதைய தலைமை நிர்வாகி கர்க் டானர் ஒரு திட்டம் சொன்னார். சுமார் 2 கோடி டாலர் போட்டு டிஜிட்டல் விலைப்பலகைகள் வைப்போம், 2025-லேயே 'டைனமிக் பிரைசிங்' (நேரத்தைப் பார்த்து விலையை மாற்றுவது) சோதித்துப் பார்ப்போம் என்றார். சில நாள் கழித்துத்தான் செய்தி பரவியது. ஊபரில் மழை நாளில் கட்டணம் ஏறுவதுபோல் பர்கரும் ஏறும் என்று மக்கள் கொதித்தார்கள். செனட்டர் எலிசபெத் வாரன் கண்டித்தார். போட்டிக் கம்பெனியான பர்கர் கிங் அதை வைத்தே விளம்பரம் செய்தது. கூட்டம் கூடும்போது விலை ஏற்றும் எண்ணமே இல்லை, மந்தமான நேரத்தில் சலுகை தரத்தான் பலகை என்று வெண்டீஸ் விளக்கம் கொடுத்தது.

கூட்ட நேரத்தில் விலை ஏற்றுவது நடைமுறையில் எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள். அமெரிக்காவில் பெரிய சங்கிலிக் கடைகளின் விற்பனையில் பெரும்பகுதி டிரைவ்-த்ரூ (காரில் இருந்தபடியே வாங்கிப்போகும் வரிசை) வழியாகத்தான். மெக்டொனால்ட்ஸில் அது சுமார் 70 சதவீதம். மதியம் 11:58-க்கு ஒருவர் பலகை முன்னால் காரை நிறுத்தி ஆர்டர் சொல்கிறார். முன்னால் ஆறு கார். பணம் கட்டும் ஜன்னலுக்கு வரும்போது மணி 12:03. பலகையில் இப்போது வேறு விலை. அவருக்கு எந்த விலை? கல்லாவில் இருக்கும் பதினெட்டு வயதுப் பிள்ளை அந்த வாக்குவாதத்தில் ஒரு நிமிடம் செலவழித்தால் பின்னால் நிற்கும் வரிசை முழுக்க நகராது. கடைசியில் இருப்பவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். ஏற்றிய ஐம்பது சென்ட்டை விட அந்த ஒரு கார் போனது பெரிய நஷ்டம்.

சிங்கப்பூர்: விமான டிக்கெட்டில் ஒத்துக்கொள்கிறோம், பர்கரில் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

விமானத்தில் சீட் எண்ணிக்கை நிலையானது, கிளம்பிய பிறகு காலி சீட்டுக்கு மதிப்பே இல்லை. பர்கருக்கான இறைச்சி ஃப்ரீஸரில் நாளைக்கும் இருக்கும். அதோடு, டிக்கெட் விலையை வீட்டிலேயே ஒப்பிட்டுப் பார்த்துவிடுகிறோம். பர்கர் விலை பசியோடு வரிசையில் நின்ற பிறகுதான் தெரிகிறது.

நியூ ஜெர்சி: எட்டு டாலர் காம்போ பன்னிரண்டைத் தொடுகிறது. மளிகை விலை ஏற்றம் அடங்கிய பிறகும் கடைக்காரர்கள் ஏன் நிறுத்தவில்லை?

நல்ல கேள்வி, விரிவாகவே சொல்கிறேன். அரசு விலைக் குறியீட்டில் மளிகை 2022-இல் 11.4 சதவீதம் ஏறியது, 2023-இல் 5, 2024-இல் வெறும் 1.2. வெளியில் சாப்பிடும் செலவு அதே மூன்று வருடங்களில் 7.7, 7.1, 4.1. மளிகை சீக்கிரம் ஏறி சீக்கிரம் அடங்கிவிட்டது. உணவகம் மெதுவாக ஏறி, இன்னும் ஏறிக்கொண்டே இருந்தது. காரணம், எங்கள் செலவில் உணவுப் பொருள் சுமார் மூன்றில் ஒரு பங்குதான். கிட்டத்தட்ட அதே அளவு கூலி. மீதியில் வாடகை, மின்சாரம், காப்பீடு, கார்டு கட்டணம். இவையெல்லாம் ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் ஏறும், ஏறினால் இறங்காது.

மாட்டிறைச்சி தனிக் கதை. வறட்சியில் புல்லும் தீவனமும் கிடைக்காமல் பண்ணைக்காரர்கள் பசுக்களையே விற்றுத் தள்ளினார்கள். 2025 ஜனவரிக் கணக்கில் அமெரிக்காவில் மாடுகள் சுமார் 8.67 கோடி. 1951-க்குப் பிறகு அதுவரை இவ்வளவு குறைந்ததில்லை. இன்று ஒரு கிடாரியை விற்காமல் வைத்துக்கொண்டால், அது ஈன்று, கன்று வளர்ந்து கறியாக வர வருடக்கணக்காகும். அதுவரை பர்கர் விலை இறங்கும் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

இன்னொன்று வெளியில் பலருக்குத் தெரியாது. பிரான்சைஸ் உரிமையாளர் தாய்க் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டி (பெயரைப் பயன்படுத்தும் கட்டணம்) லாபத்தில் சதவீதம் இல்லை, விற்பனையில் சதவீதம். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் புதிய கடைகளுக்கு 2024 முதல் அதை 4-இலிருந்து 5 சதவீதமாக்கியது. விளம்பரப் பங்கும் வாடகையும் தனி. சலுகை விலையில் கூட்டம் வந்தால் கம்பெனிக்கு வரவு. அந்தச் சலுகையில் லாபம் கரைவது பெரும்பாலும் கடைக்காரருக்கு.

சான் ஹோசே: கலிபோர்னியாவில் 20 டாலர் கூலி வந்ததுதானே எல்லாவற்றுக்கும் காரணம்?

இல்லை. நாடு முழுக்க 60 கடைகளுக்கு மேல் உள்ள சங்கிலிகளுக்கு 2024 ஏப்ரல் 1 முதல் 20 டாலர் ஆனது. அதற்கு முன் மாநிலக் குறைந்தபட்சக் கூலி 16. ஏற்றம் 25 சதவீதம். செலவில் கூலி சுமார் 30 சதவீதம் என்று வைத்தால், முழுச் சுமையையும் வாடிக்கையாளர் தலையில் வைத்தால்கூட 7.5 சதவீதத்துக்கு மேல் போகாது. பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-இல் பார்த்தபோது விலை ஏறியது சுமார் 3.7 சதவீதம், அதாவது நாலு டாலர் பர்கரில் 15 சென்ட். வேலைகள் குறைந்தனவா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை. ஆனால் நான் இருக்கும் டெக்சாஸில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2009-இலிருந்து 7.25 டாலரிலேயே நிற்கிறது. இங்கேயும் விலை ஏறியது.

ஹூஸ்டன்: பிக் மேக் சாப்பாடு 18 டாலர் என்று படம் சுற்றியதே?

அது 2023-இல், கனெக்டிகட்டின் டேரியனில் நெடுஞ்சாலை ஓய்விடக் கடை. விலையை அந்தந்த உரிமையாளர் வைக்கிறார், நெடுஞ்சாலையில் எப்போதும் கூடுதல். பிக் மேக்கின் சராசரி விலை 2019-இல் 4.39 டாலர், 2024-இல் 5.29 என்று மெக்டொனால்ட்ஸின் அமெரிக்கத் தலைவரே பகிரங்கக் கடிதத்தில் எழுதினார். 21 சதவீத ஏற்றம்.

சாக்ரமெண்டோ: மேடம், கூலியை ஏற்றியதால்தானே...

சான் ஹோசே நண்பருக்குச் சொன்னதைப் படியுங்கள்.

ஆஸ்டின்: நான் பொருளாதாரம் படிக்கிறேன் அக்கா. கூட்ட நேரத்தில் ஒரு டாலர் ஏற்றுவதும், மந்தமான நேரத்தில் ஒரு டாலர் குறைப்பதும் கணக்கில் ஒன்றுதான். வெண்டீஸ் மேல் கோபப்பட்டது மக்களின் அறியாமை இல்லையா?

அறியாமை இல்லை தம்பி. 1986-இல் வெளியான ஆய்வில் கானமான், நெட்ச், தேலர் என்ற மூன்று ஆய்வாளர்கள் மக்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். பனிப்புயலுக்கு மறுநாள் காலை ஒரு கடை 15 டாலர் பனி மண்வெட்டியை 20-க்கு விற்றால் நியாயமா? 82 சதவீதம் பேர் அநியாயம் என்றார்கள். வழக்கமான விலை என்று ஒன்று மனதில் பதிந்திருக்கிறது. என் அவசரத்தைப் பார்த்து அதற்கு மேல் கேட்பது என்னைச் சுரண்டுவது என்று அவர்கள் நினைக்கிறார்கள். அது சரியான நினைப்பு.

ஆஸ்டின்: அது உணர்ச்சி, கணக்கு இல்லையே. விலை ஏறினால் சிலர் இரண்டு மணிக்கு வருவார்கள், வரிசை குறையும், எல்லோருக்கும் நல்லது.

இரண்டு மணிக்கு வர யாரால் முடியும்? வீட்டிலிருந்து வேலை செய்யும் உங்களால் முடியும். கிடங்கில் பன்னிரண்டுக்கு மணி அடித்து அரை மணி நேரம் சாப்பாட்டு இடைவேளை விடுகிறார்கள். எங்கள் மதிய வரிசையில் பாதிப் பேர் அப்படிப்பட்டவர்கள்தான். விலை ஏற்றினால் அவர்கள் நேரத்தை மாற்ற மாட்டார்கள், மாற்றவும் முடியாது. கூடுதல் பணத்தைக் கட்டுவார்கள், இல்லாவிட்டால் பட்டினி கிடப்பார்கள்.

டாலஸ்: நடுவில் வருகிறேன். கோக் கம்பெனிகூட இதை முயன்றது இல்லையா?

1999-இல் அதன் தலைவர் டக் ஐவஸ்டர் ஒரு பிரேசில் பத்திரிகையிடம், வெயிலில் குளிர்பானத்துக்கு ஆசை கூடும், அப்போது விலையும் கூடுவது நியாயம்தான் என்ற பொருளில் பேசினார். வெப்பத்தைப் பார்த்து விலை மாற்றும் இயந்திரம் பற்றிய பேச்சு அது. எதிர்ப்பு வெடித்தது, கம்பெனி பின்வாங்கியது.

ஆஸ்டின்: அப்படியென்றால் மந்த நேரச் சலுகையை மட்டும் ஏன் ஆதரிக்கிறீர்கள்?

கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கவில்லை. இதைத்தான் எல்லோரும் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். முதலில் பலகை விலையை எல்லோருக்கும் ஒரு டாலர் ஏற்று. ஆறு மாதம் கழித்து கம்பெனியின் சொந்த ஆப்பில் மட்டும் மந்த நேரத்துக்கு ஒரு டாலர் சலுகை கொடு. இப்போது கூட்ட நேர விலை வந்துவிட்டது, யாரும் கத்தவில்லை. நீங்கள் கடைசியாக எப்போது வந்தீர்கள், எதை வாங்குவீர்கள், எத்தனை நாள் வராமல் இருந்தால் சலுகை அனுப்ப வேண்டும் என்பதெல்லாம் ஆப்புக்குத் தெரியும். ஒரே வரிசையில் அடுத்தடுத்து நிற்கும் இரண்டு பேர் ஒரே காம்போவுக்கு இரண்டு விலை கொடுக்கிறார்கள். பலகையில் மாறும் விலையாவது எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆப் சலுகை உங்களுக்கும் கம்பெனிக்கும் மட்டுமே தெரியும்.

ஆஸ்டின்: இதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆப் எல்லோருக்கும் இலவசம்தானே?

பணமாகக் கட்டவில்லை, தகவலாகக் கட்டுகிறீர்கள்.

லண்டன்: அக்கா, இங்கே பப்களில் பிசியான நேரத்தில் பியருக்குக் கூட எடுக்கிறார்கள். சாப்பாட்டுக் கடைகளுக்கும் வருமோ?

ஸ்டோன்கேட் நிறுவனம் 2023-இல் சுமார் 800 பப்களில் ஒரு பைண்டுக்கு 20 பென்ஸ் அளவில் கூட்டியதைச் சொல்கிறீர்கள். பப்பில் உட்கார்ந்துவிட்டவர் எழுந்து போவது அரிது. பர்கருக்கு எதிரிலேயே இன்னொரு கடை இருக்கிறது. அதனால் நேரடியாக ஏற்றுவது கடினம் என்பதே என் கணிப்பு.

சென்னை: மேடம், பர்கர் 350 ரூபாய் காட்டுகிறது. இது கூட்ட நேர விலையா?

எங்கே காட்டுகிறது? டெலிவரி ஆப்பில் என்றால், அதில் கடையின் ஆப் விலை, பேக்கிங், டெலிவரி, பிளாட்ஃபார்ம் கட்டணம், வரி எல்லாம் சேர்ந்திருக்கும். பில்லை வரி வரியாகப் பாருங்கள். இந்தியாவில் விலையை மாற்றாமல் பொருளைக் குறைத்ததும் உண்டு. 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது வடக்கு, கிழக்கு மாநில மெக்டொனால்ட்ஸ் கடைகளில் பர்கரில் தக்காளியே வைக்கவில்லை.

கோவை: தீபாவளிக்கு ஆம்னி பஸ் கட்டணம்...

என் துறை இல்லை. போக்குவரத்துத் துறையில் இருப்பவர்களிடம் கேளுங்கள்.

அட்லாண்டா: டோர்டாஷ் டெலிவரி ஆப்பில் 17 டாலர் வந்தது, கடையில் கொள்ளையடிக்கிறார்களா?

இதைத்தான் ஆரம்பத்திலேயே சொன்னேன். டோர்டாஷ் கடையிடம் எடுக்கும் கமிஷன் திட்டத்தைப் பொறுத்து 15, 25, 30 சதவீதம். அதை ஈடுகட்டப் பல கடைகள் ஆப் விலையை ஏற்றி வைக்கின்றன. நேரில் போய் வாங்குங்கள்.

ஃபீனிக்ஸ்: 20 டாலர் கூலி...

மேலே இருக்கிறது.

டெட்ராய்ட்: அம்மா ஊரிலிருந்து வந்து எங்களோடு இருக்கிறார். ஸ்மார்ட்போன் பழக்கமில்லை. தனியாக நடந்து போய் காபியும் ஃப்ரைஸும் வாங்குவார். அவருக்கு எப்போதும் முழு விலைதானா?

பெரும்பாலும் ஆமாம். எனக்கு இதில்தான் மனம் ஆறவில்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன். தபாலில் வரும் காகிதக் கூப்பன்களை எறியாமல் அவர் பையில் வையுங்கள், பல கடைகளில் இன்னும் வாங்கிக்கொள்கிறார்கள். மூத்தவர்களுக்கு காபியில் சலுகை உண்டா என்று அந்தக் கடை மேனேஜரிடம் நீங்களே ஒருமுறை கேளுங்கள். அது உரிமையாளர் விருப்பம், பலகையில் எழுதியிருக்காது, கேட்டால்தான் கிடைக்கும். மெக்டொனால்ட்ஸ் 2024 ஜூன் 25-இல் தொடங்கிய 5 டாலர் சாப்பாடு மாதிரியான சலுகை இருந்தால், அது ஆப் இல்லாமலும் கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்கும் என்றால் அதன் பெயரை ஒரு சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுங்கள், கல்லாவில் காட்டினால் போதும்.