சோதனைத் தளத்துக்குத் தனி டொமைன் வேண்டுமா?

கேள்வி: சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் புடவைக் கடை வைத்திருக்கிறோம், இணையத்திலும் விற்கிறோம். தீபாவளிக்காகச் செய்யும் மாற்றங்களைச் சோதிக்க, எங்கள் காம்.எஸ்ஜி முகவரிக்கு முன்னால் 'டெஸ்ட்' என்று சேர்த்து டெவலப்பர் ஒரு துணை டொமைன் அமைத்திருக்கிறார். இது போதுமா?

பதில்: போதாது. தனி டொமைன் ஒன்றை வாங்கிவிடுங்கள்.

காரணம் குக்கி, அதாவது உங்களை அடையாளம் காணத் தளம் பிரவுசரில் சேமிக்கும் சிறு தகவல். துணை டொமைன் பார்வைக்குத்தான் தனி; பிரவுசருக்கு அதுவும் உங்கள் கடையும் ஒரே குடும்பம். லாகின் குக்கியை முழு டொமைனுக்கும் பொதுவாக வைத்திருந்தால், வாடிக்கையாளர் சோதனைத் தளத்தைத் திறந்ததுமே அது அங்கேயும் போய்விடும். பொதுவாக வைக்காவிட்டாலும் ஆபத்து தீரவில்லை. சோதனைத் தளம் முழு டொமைனுக்கும் சேர்த்து ஒரு குக்கி எழுதலாம். நிஜக் கடை அதைத் தன்னுடையது என்று நம்பி வாங்கிக்கொள்ளும். அரைகுறை நிரலும் பழைய பிளகினும் (தளத்தில் சேர்க்கும் துணை மென்பொருள்) எளிய பாஸ்வேர்டும் சோதனைத் தளத்தில்தான் கிடக்கும். அங்கே நுழைந்தவர் இங்கே கை நீட்ட வழி வைக்கக் கூடாது. வேறு பெயரென்றால், அதுவும் காம்.எஸ்ஜி-யில் முடிந்தாலும், இந்த வழி அடைபடும்: காம்.எஸ்ஜி முழுவதற்கும் பொதுவான குக்கியைப் பிரவுசர்கள் ஏற்பதில்லை.

புதுப் பெயரும் .எஸ்ஜி-யாகவே இருக்க வேண்டியதில்லை. அதற்குச் சிங்பாஸ் (அரசின் மின்னடையாளம்) சரிபார்ப்பு உண்டு, சாதாரண .நெட் போதும். ஆனால் டெவலப்பர் பெயரில் வேண்டாம், நிறுவனத்தின் கணக்கில் வாங்குங்கள். அவர் வேலையை விட்டுப் போனாலும் பெயர் உங்களிடம் இருக்கும்.

சோதனைத் தளம் டெவலப்பரின் மடிக்கணினிக்குள் மட்டும் ஓடுவதற்குக் காசே வேண்டாம். .டெஸ்ட் என்று முடியும் முகவரிகளை 1999-லேயே இதற்கென ஒதுக்கிவிட்டார்கள். அவை யாருக்கும் விற்கப்படாது. .டெவ் அப்படியல்ல, அது கூகுள் நடத்தும் நிஜ டொமைன்.

முகவரி யாருக்கும் தெரியாது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். எச்டிடிபிஎஸ் சான்றிதழ் வாங்கியதும் அதிலுள்ள பெயர் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். யாரும் தேடிப் பார்க்கலாம். எதைத் தேட வேண்டாம் என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பு கூகுளுக்கு விடும் வேண்டுகோள், பூட்டு அல்ல. தளம் முழுவதற்கும் பாஸ்வேர்டு போடுங்கள்.

பெயரைப் பிரித்துவிட்டு, வாடிக்கையாளர் விவரமுள்ள டேட்டாபேஸை அப்படியே நகலெடுத்தால் பாதி வேலைதான் முடிந்தது. 2012-ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் அந்த நகலுக்கும் பொருந்தும். கற்பனைப் பெயர்களும் கற்பனைக் கைப்பேசி எண்களும் போட்டு நிரப்பச் சொல்லுங்கள். கட்டணத்துக்கு நிஜப் பணம் பிடிக்காத சோதனைச் சாவி, மின்னஞ்சலுக்கு வெளியே எதையும் அனுப்பாத அமைப்பு, இவ்விரண்டையும் தீபாவளி வேலை தொடங்கும் முன்பே கேட்டு வாங்குங்கள்.