சரளமாகப் பேசினால் வாத்தியார் ஆகிவிடலாமா?

கேள்வி: டிகிரி முடித்துவிட்டேன், ஆங்கிலம் தடுமாறாமல் பேசுவேன். வெளிநாட்டில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்க ஆசை. ஆன்லைனில் 120 மணி நேர டெஃபல் சான்றிதழ் (ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாதவர்களுக்கு அதைக் கற்பிக்கும் பயிற்சி) மலிவாகக் கிடைக்கிறதே, அது போதுமா?

பதில்: பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், போக நினைக்கும் நாட்டின் விசா விதியைப் படியுங்கள். ஏனென்றால் பல இடங்களில் உங்கள் ஆங்கிலத்தைப் பார்ப்பதற்கு முன் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள். தென்கொரியா மொழி ஆசிரியர்களுக்குத் தரும் ஈ-2 விசா, ஆங்கிலத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலும் அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக்காரர்களுக்குத்தான். நன்றாகப் பாடம் நடத்துவதற்கும் பிறந்த ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கும் எரிச்சல் வரும், ஆனால் விதி அப்படி. ஜப்பான் கொஞ்சம் பரவாயில்லை, பள்ளியில் கற்பிக்கும் விசாவுக்குத் தாய்மொழி ஆங்கிலமாக இல்லாதவர் 12 வருடமாவது ஆங்கில வழியில் படித்திருக்க வேண்டும் என்கிறது.

சரி, சான்றிதழுக்கு வருவோம். டெஃபல் என்ற பெயருக்கு ஒரே முதலாளி கிடையாது, யார் வேண்டுமானாலும் அச்சடித்துக் கொடுக்கலாம். அதனால் மணிக்கணக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். கேம்பிரிட்ஜின் செல்டா என்ற ஆங்கில ஆசிரியர் பயிற்சிப் படிப்பும் ஏறக்குறைய 120 மணி நேரம்தான், ஆனால் அதில் 6 மணி நேரம் நிஜ மாணவர்கள் முன்னால் நின்று நீங்கள் பாடம் நடத்த வேண்டும், பயிற்சியாளர் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுப்பார், வகுப்பு முடிந்ததும் எங்கே சொதப்பினீர்கள் என்று முகத்துக்கு நேராகச் சொல்வார். காசு கூடத்தான் ஆகும், ஆனால் அந்த 6 மணி நேரத்துக்காகவே கொடுக்கலாம்.

அதில் என்ன பெரிதாக இருக்கிறது என்கிறீர்களா? 'ஐ ஹேவ் லிவ்ட் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று போர்டில் எழுதிவிட்டு, புதிய ஆசிரியர்கள் எல்லோரும் 'புரிந்ததா?' என்றுதான் கேட்பார்கள், வகுப்பே தலையாட்டும், ஒருவருக்கும் புரிந்திருக்காது. பழகிய ஆசிரியர் 'இந்த ஆள் இப்போதும் இங்கேதான் இருக்கிறானா?' என்று கேட்பார். சரியான பதில் ஆமாம், ஆனால் பாதிப் பேர் இல்லை என்பார்கள், அங்கிருந்துதான் பாடம் ஆரம்பிக்கும். இந்த மாதிரிக் கேள்விகளை முன்கூட்டியே யோசித்து எழுதி வைத்துக்கொண்டு போவதுதான் வேலையில் பாதி. உங்கள் சரளம் இதற்குப் பெரிதாக உதவாது, சொல்லப்போனால் கொஞ்சம் இடைஞ்சல்கூட, நீங்கள் வேகமாகப் பேசிக்கொண்டே போவீர்கள், மாணவர் வாயைத் திறக்க நேரமே இருக்காது.

கேள்வி: வேலை தருகிறோம், முதலில் டூரிஸ்ட் விசாவில் வாருங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்கிறது ஒரு பயிற்சி மையம். போகலாமா?

பதில்: வேண்டாம். டூரிஸ்ட் விசாவில் சம்பளத்துக்கு வகுப்பெடுத்து மாட்டினால் அபராதம், நாடு கடத்தல் எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். விசா கையில் வந்த பிறகு டிக்கெட் போடுங்கள். ஒப்பந்தத்தில் வாரத்துக்கு 25 மணி நேரம் என்று இருந்தால் அது வகுப்பு நேரம் மட்டுமா, பாடம் தயாரிப்பதும் விடைத்தாள் திருத்துவதும் சேர்த்தா என்று எழுத்தில் கேளுங்கள். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வோம் என்று சொன்னால் அத்தோடு பேச்சை நிறுத்திவிடுங்கள்.