விடியவிடியக் கூத்து: ஏஜென்ட்டை நம்பலாமா?

கேள்வி: வந்தவாசிப் பக்கம் எங்கள் கிராமத்தில் திரௌபதி அம்மன் அக்னி வசந்த விழா நடத்தப் போகிறோம். கூத்து ஏற்பாடு செய்து தரும் ஏஜென்ட் ஒருவர், விடியவிடிய நடத்தப் போலீஸ் அனுமதியும் தானே வாங்கிவிடுவதாகச் சொல்லிப் பாதிப் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்லும் அந்த அனுமதியைக் கொடுக்கக் காவல் நிலையத்துக்கே அதிகாரம் இல்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது. மைக்கை நிறுத்திவிட்டு மிருதங்கம், முகவீணையோடு ஆடினால் தப்பில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதையும் நம்ப வேண்டாம். 2010 திருத்தத்தில் இசைக்கருவிகளையும் சேர்த்துவிட்டார்கள்.

ஒரு விலக்கு உண்டு. அதை வைத்துத்தான் ஏமாற்றுகிறார்கள் என்பதால் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். பண்பாட்டு, சமய விழாக்களுக்காக மாநில அரசு இரவு 10 முதல் 12 வரை அனுமதிக்கலாம். 12 வரைதான், விடியும்வரை அல்ல. அதுவும் ஆண்டுக்கு மொத்தம் 15 நாள்களுக்கு மிகாமல். எந்தெந்த நாள் என்பதை அரசோ, அரசு அதிகாரம் கொடுத்த மாவட்ட நிர்வாகமோ முன்கூட்டியே அறிவித்திருக்க வேண்டும். உங்கள் விழா நாள் அந்த அறிவிப்பில் இல்லையென்றால் இன்ஸ்பெக்டர் மனது வைத்தாலும் சட்டப்படி செல்லாது. 'ஐயாவிடம் பேசிவிட்டேன்' என்று ஏஜென்ட் சொல்வது வாய்வார்த்தை. யாராவது புகார் கொடுத்தால், மனுவில் கையெழுத்துப் போட்ட விழாக்குழுவைத்தான் கேட்பார்கள். அவரைத் தேட முடியாது.

பாரதக் கூத்து விடியவிடிய நடக்கும் கலை என்பது இந்த விதியை எழுதியவர்கள் நினைப்பில் இருந்ததாகவே தெரியவில்லை. நகரத்துக் கல்யாண மண்டப இரைச்சலுக்கும் கூத்துக் களத்துக்கும் ஒரே அளவுகோல். இதை மாற்றச் சொல்லிக் கேட்க வேண்டியது அரசிடம். ஆனால் இந்த வருஷ விழாவை இருக்கிற விதிக்குள்தான் நடத்த வேண்டும்.

அதனால் இருட்டியதும் ஏழு மணிக்கே களரி கட்டி, அதாவது தொடக்க வாத்திய இசையோடு, கூத்தைத் தொடங்கச் சொல்லுங்கள். கதையைச் சுருக்கி ஆட, கூத்துக் குழுவை நடத்தும் வாத்தியார்களுக்குத் தெரியும். பாரதப் போரின் கடைசி நாள் கூத்தான பதினெட்டாம் போரைப் பத்து மணிக்குள் நிறுத்திக்கொண்டு, துரியோதனன் வீழ்வதை நிகழ்த்தும் படுகளச் சடங்கைக் காலை ஆறு மணிக்கு மேல் வைத்தால் சிக்கல் இல்லை. காலை ஆறு முதல் இரவு பத்து வரைக்கும் ஒலிபெருக்கி அனுமதி தனியாக வேண்டும். கூம்பு ஒலிபெருக்கி கட்டாதீர்கள், பாக்ஸ் போதும்.

அந்த அனுமதிக்கான மனுவை விழாக்குழுவே கொடுக்கட்டும். எந்த நாள், எந்த இடம், எத்தனை மணி என்று எழுதி, நகலில் முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். நாளைக்கு வா, மறுநாள் வா என்று அலையவிடுவார்கள், விழாவுக்கு முந்தின நாள்வரை இழுப்பதும் உண்டு. எதற்கு இந்த அலைக்கழிப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒப்புகை தர மறுத்தால் அதே மனுவை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கூத்து பேசுவது. ஜமா (கூத்துக் குழு) வாத்தியாரை நேரில் பார்த்து, தாம்பூலத்தை அவர் கையிலேயே கொடுங்கள். பெயர் வாங்கிய ஜமாவின் வீடியோவைக் காட்டிவிட்டு, நாலு ஜமாவில் ஆள் பொறுக்கிக் கொண்டுவந்து நிறுத்தும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். பேசிய தொகையில் பெரும்பங்கு அவர்களுக்கு, இரவெல்லாம் மர அணிகளான கட்டைகளைக் கட்டி ஆடுகிறவருக்குக் கிடைப்பது மிச்சம். எந்தெந்த நாள் எந்தக் கூத்து, யார் துரியோதனன் வேஷம், யார் திரௌபதி, எத்தனை பேர் வருவார்கள், வண்டிச் செலவு யாருடையது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். முன்பணத்துக்கு வாத்தியாரே ரசீது தரட்டும்.

நாட்டுப்புறக் கலைஞர்கள் நல வாரிய அட்டையைக் காட்டி 'இதுதான் லைசென்ஸ்' என்று சொன்னால் ஏமாறாதீர்கள். அது கலைஞரின் நலத்திட்டங்களுக்கான அட்டை, விழா நடத்தும் அனுமதி அல்ல. அட்டை இல்லாத கலைஞர் உங்கள் ஜமாவில் இருந்தால், விண்ணப்பிக்க உங்கள் ஊர்ப் பிள்ளைகளில் ஒருவரை உதவச் சொல்லுங்கள். அதற்கும் புரோக்கர் கமிஷன் கேட்கிறார்கள்.