டொமைன் ஏலம் விடப் போகிறீர்களா? முதலில் உங்கள் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்

கேள்வி: நானும் மூன்று நண்பர்களும் டொமைன் பெயர்களை, அதாவது இணையதள முகவரிகளை, வாங்கி விற்கிறோம். டெலிகிராமில் வியாபாரிகள் குழு ஒன்று வைத்திருக்கிறோம். மாதம் ஒரு முறை ஏலம் நடத்தலாம் என்று ஆரம்பித்தோம். எங்கள் பெயர்களோடு குழுவில் மற்றவர்கள் தரும் பெயர்களையும் 10 சதவீதக் கமிஷனுக்கு ஏலம் விடுவதாகத் திட்டம். முதல் ஏலமே தகராறில் முடிந்துவிட்டது. இரவு 9 மணிக்கு முடிவு என்று சொல்லியிருந்தோம். கடைசி நிமிடத்தில் இரண்டு பேர் கேட்டார்கள். யார் முந்தியது என்று சண்டை. இன்னொரு பெயரை 52,000 ரூபாய்க்கு எடுத்தவர் அதற்குப் பிறகு போனையே எடுக்கவில்லை. வேறொரு பெயரில், விற்றவர் தன் மைத்துனரை விட்டு ஏற்றிக் கேட்டார் என்று புகார். எல்லோருக்கும் நியாயமான விதிகளை எப்படி எழுதுவது? (வாசகர், திருப்பூர்)

பதில்: மூன்று தகராறுக்கும் மூன்று விதி எழுதித் தந்துவிடலாம். ஆனால் அவற்றுக்கு முன்னால் வர வேண்டிய விதி ஒன்று இருக்கிறது, அது உங்கள் நால்வரைப் பற்றியது. ஏலத்தை நடத்துபவர்கள் நீங்கள். அதே ஏலத்தில் விற்பவர்களும் நீங்கள். மற்றவர்களின் பெயர் ஏலத்துக்கு வரும்போது நீங்களும் கேட்பீர்களா? கடிதத்தில் அது இல்லை. குழுவில் இருப்பவர்கள் அதைக் கட்டாயம் யோசித்திருப்பார்கள். மைத்துனர் மேல் வந்த புகார் நாளை உங்கள் மேலும் வரும்.

இந்த வியாபாரத்தில் நடந்த பெரிய மோசடிகளில் ஒன்று ஏலம் நடத்திய இடத்துக்குள்ளிருந்தே வந்தது. ஸ்நாப்நேம்ஸ் என்பது காலாவதியான டொமைன்களை ஏலம் விடும் அமெரிக்க நிறுவனம். ஊழியர் ஒருவர் 2005 முதல் பொய்ப் பெயரில் கணக்கு வைத்துத் தங்கள் ஏலங்களில் கேட்டு வந்திருக்கிறார் என்று 2009 நவம்பரில் அந்த நிறுவனமே தன் வாடிக்கையாளர்களுக்கு அறிவித்தது. 'ஹால்வாரெஸ்' என்பது அந்தக் கணக்கின் பெயர். அந்தக் காலத்தில் நடந்த ஏலங்களில் சுமார் 5 சதவீதத்தில் அவர் கை இருந்ததாக நிறுவனம் சொன்னது. அவர் கேட்காமல் இருந்திருந்தால் என்ன விலைக்கு முடிந்திருக்குமோ, அதற்கும் வாடிக்கையாளர் கொடுத்த விலைக்கும் உள்ள வித்தியாசத்தை வட்டியோடு திருப்பித் தர முன்வந்தது. அந்தக் கணக்கு முறையை மறந்துவிடாதீர்கள், உங்கள் 52,000 ரூபாய் விவகாரத்தில் அது தேவைப்படும்.

ஆகவே முதல் விதி: ஏலம் நடத்தும் நால்வரும், அவர்கள் குடும்பத்தாரும், அவர்களுக்காகக் கேட்பவர்களும் இந்தக் குழுவின் எந்த ஏலத்திலும் கேட்கக் கூடாது. உங்களுக்கு ஒரு பெயர் பிடித்துப்போனால் ஏலத்துக்கு வருவதற்கு முன்பே அதன் உரிமையாளரிடம் நேரடியாகப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். நஷ்டம்தான், நல்ல பெயர்கள் சில கைவிட்டுப் போகும். ஏலம் நடத்தும் தகுதிக்கு நீங்கள் கொடுக்கும் விலை அது.

விற்பவர் தன் பெயருக்குத் தானே கேட்பது, ஆள் வைத்து ஏற்றுவது இரண்டையும் அதே விதியில் தடை செய்யுங்கள். இந்தியாவின் சரக்கு விற்பனைச் சட்டம், 1930இன் 64ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. விற்பவரும் கேட்பார் என்று முன்கூட்டி அறிவிக்காத ஏலத்தில் அவர் கேட்பது சட்டவிரோதம். போலியாகக் கேட்டு விலையை ஏற்றினால், வாங்கியவர் விரும்பினால் அந்த விற்பனையையே ரத்து செய்துகொள்ளலாம். டொமைன் பெயர் 'சரக்கு' என்ற வரையறைக்குள் வருமா என்று வக்கீல்கள் வாதாட இடமுண்டு. அந்த வாதத்துக்குக் காத்திருக்காமல், இதே வாசகத்தை உங்கள் விதியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒப்புக்கொண்டு ஏலத்துக்கு வந்த எல்லோரையும் அது கட்டுப்படுத்தும்.

மைத்துனரைக் கண்டுபிடிப்பது எப்படி என்றால், முழுக்க முடியாது. ஆனால் புனைபெயரில் யாரும் கேட்க முடியாதபடி செய்யலாம். ஏலத்தில் கலந்துகொள்பவர் தன் உண்மைப் பெயரையும் பணம் வரப்போகும் வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ பெயரையும் முன்பே பதிவு செய்ய வேண்டும். சிறிய டெபாசிட் கட்ட வேண்டும். குழுவில் பெயர் தெரியாமல் எண் மட்டும் தெரிந்தால் போதும் என்று சிலர் கேட்பார்கள், அது நியாயமான கோரிக்கைதான். ஆனால் நடத்துபவர் கையில் பட்டியல் இருக்க வேண்டும். டெபாசிட் 2,000 ரூபாயே ஆனாலும் மைத்துனர்களில் பாதிப் பேர் வர மாட்டார்கள்.

அடுத்து, யாருக்காகக் கேட்கிறார் என்பது. 'டாட் வெப்' என்ற மேல்நிலைப் பெயருக்கு ('டாட் காம்' போல முகவரியின் கடைசியில் வருவது) 2016 ஜூலையில், உலக அளவில் இணையப் பெயர்களை ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு நடத்திய ஏலம் 13.5 கோடி டாலருக்கு முடிந்தது. ஏலம் முடிந்த பிறகுதான், வென்ற சிறிய நிறுவனத்துக்குப் பின்னால் இருந்த பணம் 'டாட் காம்' பெயர்களை நிர்வகிக்கும் வெரிசைனுடையது என்று வெளியே வந்தது. தோற்ற போட்டியாளர் விடவில்லை. வழக்கு பல வருடங்கள் இழுத்தது. பின்னால் ஒருவர் இருப்பது தவறா சரியா என்பதை விதி வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் பிறகு சண்டைக்கு வழியில்லை. உங்கள் குழுவுக்கு என் யோசனை: இன்னொருவருக்காகக் கேட்கலாம், இரண்டு பேர் சேர்ந்தும் கேட்கலாம், ஆனால் ஏலம் தொடங்கும் முன் நடத்துபவரிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் சேர்ந்தால் அது சிண்டிகேட். பஞ்சாயத்து ஏலங்களில் நடப்பதுபோல நான்கு பேர் பேசி வைத்துக்கொண்டு அடிமாட்டு விலைக்கு எடுப்பதைத் தடுக்க, விற்பவருக்கு இருக்கும் உறுதியான பாதுகாப்பு ஆரம்ப விலைதான். இதற்குக் கீழே தர மாட்டேன் என்பது எந்தத் தொகையோ அதையே ஆரம்ப விலையாகப் போடச் சொல்லுங்கள். மறைத்து வைத்த ரிசர்வ் (குறைந்தபட்ச) விலை சின்னக் குழுவில் சந்தேகத்தைத்தான் வளர்க்கும்.

கடைசி நிமிடச் சண்டை

இது பழைய பிரச்சினை, தீர்வும் பழையது. ஈபேயில் ஏலம் குறித்த நொடியில் முடிந்துவிடும். அமேசான் நடத்திய ஏலங்களில், யாரும் கேட்காமல் 10 நிமிடம் கழிந்தால்தான் முடியும். பொருளாதார அறிஞர்கள் ஆல்வின் ராத்தும் ஆக்சல் ஓக்கன்ஃபெல்ஸும் இரண்டையும் ஒப்பிட்டு 2002இல் வெளியிட்ட ஆய்வில், கடைசி நொடியில் பாய்ந்து கேட்பது ஈபேயில் மிக அதிகம் என்று காட்டினார்கள். ஆட்களைவிட விதிதான் அந்தப் பழக்கத்தை உண்டாக்குகிறது. நம் ஊர் ஏலத்தில் 'ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்' என்று இழுப்பதும் இதற்காகத்தான். இன்னும் கேட்க நினைப்பவருக்கு அது ஒரு மூச்சு நேரம் தருகிறது.

டெலிகிராமில் இதை எப்படி எழுதுவது என்று பார்க்கலாம். செய்தியின் பக்கத்தில் மணியும் நிமிடமும்தான் தெரியும், நொடி தெரியாது. அதனால் நொடியை நம்பும் எந்த விதியும் உதவாது. 'முடிவு நேரம் இரவு 9:00. 8:50 அல்லது அதற்குப் பிறகு யாராவது கேட்டால், அந்தச் செய்தியில் தெரியும் நேரத்திலிருந்து 10 நிமிடம் நீளும். 8:56 என்று காட்டும் ஏலக் கேள்விக்குப் பிறகு 9:06 என்று காட்டும் செய்தி வரை செல்லும், 9:07 செல்லாது' என்று உதாரணத்தோடு எழுதுங்கள். ஒரே நிமிடத்தில் இருவர் ஒரே தொகையைக் கேட்டால் குழுவில் மேலே இருக்கும் செய்திதான் முதல். டெலிகிராமில் வரிசையை சர்வர் தீர்மானிப்பதால் அது எல்லோருக்கும் ஒன்றாகவே தெரியும். வாட்ஸ்அப்பில் இந்த உறுதி கிடையாது. நெட் விட்டுவிட்டு வரும் போனில் வரிசை மாறித் தெரியலாம். ஏலத்தை அங்கே மாற்ற வேண்டாம்.

செய்தியைத் திருத்தும் வசதிதான் அடுத்த ஓட்டை. 25,000 என்று போட்டுவிட்டு, மேலே இடம்பிடித்தபின் 35,000 என்று மாற்றலாம். 'திருத்தப்பட்டது' என்ற குறி இருக்கும் கேள்வி செல்லாது என்று ஒரு வரி போதும். அழித்துவிட்டால்? அழித்த கேள்வி அப்படியே நிற்கும், கேட்டவரைக் கட்டுப்படுத்தும் என்று எழுதுங்கள். அழித்ததையும் திருத்தியதையும் குழு அட்மின்கள் 'சமீபத்திய செயல்கள்' பகுதியில் 48 மணி நேரம் வரை பார்க்க முடியும். ஏலம் முடிந்த உடனே அதைப் படமெடுத்துக் குழுவிலேயே போட்டுவிடுங்கள். நடத்துபவர் மட்டும் பார்க்கும் பதிவு யாருக்கும் ஆதாரமாகாது.

எவ்வளவு ஏற்றிக் கேட்க வேண்டும் என்பதும் நிலையாக இருக்கட்டும்: 10,000 வரை 500, 50,000 வரை 1,000, அதற்கு மேல் 2,500 என்பதுபோல. ஏலத்தின் நடுவில் மாற்றக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. 'என் உச்சவரம்பு 40,000. எனக்காக நீங்களே ஏற்றிக் கேளுங்கள்' என்று சிலர் உங்களிடம் தனியாகச் சொல்லுவார்கள். பெரிய ஏலத் தளங்களில் இதை மென்பொருள் செய்கிறது. அடுத்தவர் 31,000இல் நின்றுவிட்டால் இவருக்கு 32,000க்குக் கிடைத்துவிடும். அதே ரகசியம் உங்கள் காதில் இருக்கும்போது, விற்கும் பெயரும் உங்கள் நண்பருடையதாக இருந்தால், 32,000க்கும் 40,000க்கும் நடுவில் இருக்கும் 8,000 உங்களைச் சோதிக்கும். சோதிக்காவிட்டாலும், சோதித்தது என்று மற்றவர் சொல்வார். கையால் நடத்தும் ஏலத்தில் இந்தச் சேவையை மறுத்துவிடுங்கள்.

பணம் கட்டாமல் போனவர்

52,000க்கு எடுத்தவர் மறைந்துவிட்டார். அடுத்து 51,000 கேட்டவருக்கே கொடுத்துவிடலாம் என்று எல்லோருக்கும் தோன்றும். அவசரப்படாதீர்கள். மூன்றாவதாக இருந்தவர் 30,000இல் நின்றுவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். மறைந்தவர் வராமலே இருந்திருந்தால் 51,000 கேட்டவருக்கு அந்தப் பெயர் 31,000க்கே கிடைத்திருக்கும். பணம் கட்டும் எண்ணமே இல்லாத ஒருவர் ஏற்றிவிட்ட 20,000 ரூபாயை அவர் தலையில் கட்டுவது அநியாயம். மறைந்தவர் விற்பவரின் ஆளாக இருந்தால் அது மோசடிக்குப் பரிசும்கூட. ஸ்நாப்நேம்ஸ் செய்த அதே கணக்குதான் இங்கேயும்: ஓடியவரின் எல்லாக் கேள்விகளையும் நீக்கிவிட்டு விலையை மறுபடி கணக்கிட வேண்டும். அந்த 31,000க்கு விற்க விற்பவருக்கு மனமில்லை என்றால் மறு ஏலம். அடுத்தவரும் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் வேண்டாம், 48 மணி நேரத்தில் வேண்டும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கட்டும். ஓடியவரின் டெபாசிட் விற்பவருக்குப் போகட்டும், உங்களுக்கு வேண்டாம். ஏலம் கெட்டால் நடத்துபவருக்கு லாபம் என்ற நிலை ஒருபோதும் வரக் கூடாது.

கமிஷனையும் பணம் கைமாறி, பெயரும் கைமாறிய பிறகே எடுங்கள். வாங்குபவர் 3 நாளில் பணம் கட்ட வேண்டும். அதை இடையில் வைத்திருப்பவர் உங்கள் நால்வரில் ஒருவராக இல்லாமல், குழு ஏற்றுக்கொண்ட மூன்றாவது நபராக இருப்பது நல்லது. பெரிய தொகைக்கு இந்த வேலையைச் செய்யும் எஸ்க்ரோ நிறுவனங்களே இருக்கின்றன. பெயர் வாங்கியவரின் கணக்கில் வந்து, உரிமையாளர் மின்னஞ்சலும் மாறியதை அவர் உறுதி செய்தபின் விற்பவருக்குப் பணம். வரி விஷயத்தை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பெயரை ஏலத்தில் ஏற்கலாம்

காலாவதி நெருங்கிய பெயர்களில்தான் அதிகத் தலைவலி. 'டாட் காம்' பெயர் காலாவதியானாலும் உடனே விடுபடாது. ரிஜிஸ்ட்ராரிடம் (பெயரைப் பதிவு செய்து தரும் நிறுவனம்) 45 நாள் வரை இருக்கலாம், பிறகு 30 நாள் மீட்புக் காலம், கடைசியில் 5 நாள் அழிப்புக் காத்திருப்பு. மீட்புக் காலம் முடிவதற்குள் பழைய உரிமையாளர் கட்டணம் கட்டித் திரும்ப எடுத்துக்கொள்ள முடியும். குறைந்தது 90 நாள் செல்லுபடி இருக்கும் பெயர்களை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். புதிதாகப் பதிந்த அல்லது அண்மையில் மாற்றிய பெயர் வேறு ரிஜிஸ்ட்ராருக்குப் போக முடியாமல் 60 நாள் பூட்டிக் கிடக்கலாம். ஒரே ரிஜிஸ்ட்ராருக்குள் கணக்கு மாற்றுவது பெரும்பாலும் முடியும். ஆகவே ஏல அறிவிப்பில் ரிஜிஸ்ட்ரார், காலாவதித் தேதி, பூட்டு இருக்கிறதா என்ற மூன்றும் கட்டாயம் வேண்டும். விற்பவர் தன் பெயரின் டிஎன்எஸ்ஸில் (பெயரை வைத்திருப்பவர் மட்டும் மாற்றக்கூடிய, எல்லோரும் பார்க்கக்கூடிய இணையப் பதிவு) நீங்கள் தரும் ஒரு சொல்லைச் சேர்த்துக் காட்டட்டும், பெயர் அவர் கையில் இருப்பது ஐந்து நிமிடத்தில் நிரூபணமாகிவிடும்.

மற்றொருவரின் வணிகச் சின்னத்தை ஒத்த பெயரை ஏலத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். டொமைன் பெயருக்கு வணிகச் சின்னம் போன்ற பாதுகாப்பு உண்டு என்று சத்யம் இன்ஃபோவே வழக்கில் உச்ச நீதிமன்றம் 2004இலேயே தீர்ப்பளித்துவிட்டது. 'டாட் இன்' பெயர்களுக்கு ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் நடைமுறையும், 'டாட் காம்' வகைப் பெயர்களுக்கு யுடிஆர்பியும் இருக்கின்றன. வாங்கியவர் பெயரைப் பறிகொடுத்துவிட்டு உங்களைத்தான் தேடி வருவார்.

புகார்களை ஏலம் முடிந்த 24 மணி நேரத்துக்குள் கொடுக்கச் சொல்லுங்கள். தீர்ப்பு சொல்ல, அந்த மாத ஏலத்தில் விற்காத, கேட்காத மூன்று உறுப்பினர்களை முன்பே பெயர் சொல்லி அறிவித்துவிடுங்கள். நீங்கள் நால்வரும் சாட்சி சொல்லலாம், தீர்ப்பில் இருக்கக் கூடாது.

நடந்து முடிந்த ஏலத்தைப் பொறுத்தவரை, விதி எழுதப்படாமல் நடந்ததால் கடைசி நிமிடத் தகராறு வந்த பெயரையும் மைத்துனர் புகார் வந்த பெயரையும் ரத்து செய்து, வாங்கிய பணம் இருந்தால் முழுதாகத் திருப்பிக் கொடுத்து, மறு ஏலத்துக்கு விடுங்கள். 52,000 ரூபாய்ப் பெயரை, ஓடியவரின் கேள்விகளை நீக்கி வரும் விலைக்கு அடுத்தவரிடம் கேளுங்கள். அவர் மறுத்தாலும், விற்பவருக்கு அந்த விலை சம்மதமில்லை என்றாலும் அதுவும் மறு ஏலத்துக்குப் போகட்டும். விதிகளைக் குழுவில் எல்லோருக்கும் மேலே தெரியும்படி 'பின்' (pin) செய்து ஒரு வாரம் கருத்துக்கு விட்ட பிறகு அந்த ஏலத்துக்குத் தேதி குறியுங்கள்.