நினைவிலிருந்து சொந்த ஊரை வரைய முடியுமா? அப்படி வரைந்த படத்தால் யாருக்காவது பிரயோஜனம் உண்டா?

முடியும். பிரயோஜனமும் உண்டு. நீங்கள் வளைகுடாவில் எங்கேயோ ஒரு ரூமில் இருந்துகொண்டு, ஊருக்கு வர லீவு கிடைக்காமல் இதைக் கேட்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்படி இல்லை என்றாலும் பாதகமில்லை.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் ஓவியக் கல்லூரி வாசலை மிதித்தவன் இல்லை. நாகர்கோவில் பக்கம் கடை போர்டு, சுவர் விளம்பரம், பஸ்ஸுக்குப் பெயர் என்று எழுதிப் பிழைத்தவன். வாட்டர் கலர் பிந்தித்தான் கைக்கு வந்தது. 'போர்டு எழுதுகிறவனுக்கு இதில் என்ன தெரியும்' என்று கேட்பவர்கள் தாராளமாக அடுத்த பதிலுக்குப் போகலாம்.

நினைவிலிருந்து வரைகிற பலரும் டியூபில் வருகிற சாப் கிரீன் என்ற பச்சையை அப்படியே எடுத்து மலைக்கும் வயலுக்கும் தென்னைக்கும் பூசிவிடுகிறார்கள். அது எந்த ஊராகவும் இருக்கலாம். நான் முதலில் கேட்பது, எந்த மாதம் என்று. குமரி மாவட்டத்துக்கு இரண்டு மழை; ஆனி ஆடியில் ஒன்று, ஐப்பசி கார்த்திகையில் ஒன்று. நெல்லும் இரண்டு பூ, அதாவது இரண்டு போகம். கன்னிப்பூ ஆவணி புரட்டாசியில் அறுப்பு, கும்பப்பூ மாசி பங்குனியில். ஆக, வெறுமனே 'எங்க ஊர் வயல்' என்றால் எந்த வயல்? ஆவணிக் கடைசி என்றால் மஞ்சள் ஓக்கர் வேண்டும். கார்த்திகை என்றால் இளம்பச்சைக்கு நடுவே தண்ணீர் மின்ன வேண்டும். சித்திரை என்றால் உழுத மண்ணின் பழுப்பு. மாதம் தெரிந்தால் பாதி வண்ணம் தானாக அமைந்துவிடும். தூரத்து மலைக்குப் பச்சையே வேண்டாம். அல்ட்ராமரின் நீலத்தில் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பைத் துளி கலந்து, தண்ணீர் தாராளமாக விட்டு இழுங்கள், போதும்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீட்டுக்கே போய்ப் பார்க்கிற நர்ஸ் ஒருவர் எனக்குத் தெரிந்தவர். அவர் சொல்லித்தான் ஒரு பெரியவரைப் பார்க்கப் போனேன். பூதப்பாண்டிப் பக்கம் விவசாயம் செய்தவர், முடியாமல் போய் டவுனில் மகள் வீட்டில் கிடக்கிறார். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். தன் வயலைப் பார்க்க வேண்டும் என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

"பாட்டா, எங்க நின்னு பாக்கீங்க?" என்றேன்.

"மடையில நின்னுதான் மக்கா. கும்பப்பூ. நட்டு ஒரு மாசம் இருக்கும்."

பலகையில் தாளை வைத்து அவர் பார்க்கும்படி பென்சிலால் போட ஆரம்பித்தேன். அந்தப் பக்கத்து ஆட்களுக்குத் தாடகை மலையைச் சொல்லவே வேண்டாம், பெண் ஒருத்தி மல்லாந்து படுத்திருக்கிற மாதிரி இருக்கும். நான் முகத்தை இழுத்ததும் பெரியவர் கையைத் தூக்கினார். "தாடகைக்க மூக்கு இத்தன கூராட்டு இருக்காது." அழித்தேன். "இன்னும் கொஞ்சம்." இன்னும் அழித்தேன். பிறகு, மடைக்குப் பக்கத்தில் ஒரு பூவரசு நிற்க வேண்டும் என்றார். அதுவரை கதவோரம் பேசாமல் நின்ற மகள், "பூவரசு எங்கப்பா நின்னுது? அது புன்னைல்லா" என்றார். அவ்வளவுதான். அப்பாவும் மகளும் மரத்துக்கு ஒரு சண்டை, கால்வாய் வளைவுக்கு ஒரு சண்டை, வரப்பை வெட்டிச் சேர்த்த பக்கத்து வயல்காரர் யார் என்பதற்கு ஒரு சண்டை. மாத்திரை நேரத்தைத் தவிர அந்த வீட்டில் வேறு பேச்சே ரொம்ப நாளாக இல்லை என்று வெளியே வந்ததும் நர்ஸ் சொன்னார். படத்தை முடித்துக் கட்டிலுக்கு எதிரே மாட்டினோம். பாட்டா கேட்ட முதல் கேள்வி, "கொக்கு எங்கலே?"

இதை வைத்தியம் என்று நான் சொல்லவில்லை. அவருக்கு வலி குறைந்ததா என்று கேட்டால், அதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

உதவி என்றதும் இன்னொன்றும் ஞாபகம் வருகிறது, கேள்விக்குச் சம்பந்தம் குறைவுதான். 2017 நவம்பர் கடைசியில் ஓகிப் புயல் வந்து போன பிறகு நிவாரண நிதிக்கு ஏலம் விடுகிறோம் என்று ஒரு கூட்டம் வந்து, கால்வாய்த் தண்ணீரைத் தாங்கிப் போகிற மாத்தூர் தொட்டிப்பாலத்தை நான் வரைந்த படம் ஒன்றை வாங்கிப் போனது. கடலுக்குப் போனவர்கள் பலர் திரும்பாத நேரம், எப்படி மறுப்பது? ஏலம் நடந்ததாகத் தெரியவில்லை. ஏதோ பாராட்டு விழா மேடையில் ஃப்ளெக்ஸாகத்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். 115 அடி உயரப் பாலத்தை அகலத்துக்கு இழுத்துத் திண்ணை மாதிரி ஆக்கி, என் கையெழுத்து இருந்த மூலையில் யாரோ ஒருவருடைய போட்டோவை ஒட்டியிருந்தார்கள். எங்கள் தொழிலைத் தின்றதும் இதே ஃப்ளெக்ஸ்தான். ஒரு வாரம் எழுதுகிற போர்டை ஒரு மணி நேரத்தில் அடித்துத் தருகிறான், ஆறு மாதத்தில் வெளுத்துக் கிழிகிறது, அதைப் பற்றிக் கேட்க ஆளில்லை. சரி, விடுங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். படத்தை முடிக்காமல் பென்சில் நிலையிலேயே போட்டோ எடுத்து, வெயில் நேராக விழாத வெளிச்சத்தில் எடுங்கள், ஊரில் நடமாட முடியாமல் இருக்கிற யாருக்காவது அனுப்புங்கள். அத்தையோ பழைய வாத்தியாரோ, யாராக இருந்தாலும் சரி. எது தப்பு என்று அவர்கள் சொல்லட்டும். திருத்தி, வண்ணம் அடித்து, பின்பக்கம் இடத்தின் பெயரையும் மாதத்தையும் எழுதி அவர்களுக்கே கொடுத்துவிடுங்கள். விழாக்காரர்கள் கேட்டால் மட்டும் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொள்ளுங்கள்.