சொந்த முட்டையைக் கடைக்குக் கொடுக்க ஏஜென்ட் எதற்கு?

கேள்வி: கேரளத்தில் பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை அருகே எங்கள் தோட்டத்தில் 60 கிராமப்பிரியா இன முட்டைக்கோழிகள் இருக்கின்றன. தினமும் ஓர் அட்டைக்கு மேல் முட்டை கிடைக்கிறது. சித்தூரில் சில மளிகைக் கடைகளுக்கும் ஒரு சூப்பர் மார்க்கெட்டுக்கும் கொடுக்க நினைக்கிறேன். உணவுப் பாதுகாப்பு உரிமம் இல்லாவிட்டால் அபராதம் விழும், 5,000 ரூபாய் கொடுத்தால் வாங்கித் தருகிறேன் என்கிறார் ஓர் ஏஜென்ட். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் அம்மா. உழவர் தம் கையில் வைத்திருக்கும் சொந்த விளைபொருளை 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டம் தன் வரம்புக்குள் கொண்டுவரவில்லை. கால்நடை வளர்ப்பில் கிடைப்பதும் அப்படித்தான். உங்கள் கோழி இட்ட முட்டையை நீங்களே கடையில் கொடுப்பது குற்றமல்ல.

'சொந்த' என்ற சொல்லை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளுங்கள். சில நாள் கடைக்காரர் கூடுதலாகக் கேட்பார். பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு அட்டை விலைக்கு வாங்கிச் சேர்த்தால், அந்த இரண்டு அட்டைக்கு நீங்கள் வியாபாரி. நாத்தனார் வீட்டுக் கோழியானாலும் காசு கொடுத்து வாங்கி விற்றால் வியாபாரம்தான். அப்போது உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு வேண்டும். சொந்த விளைபொருளுக்கான இந்த விலக்கை அந்தத் துறையின் அலுவலக வாசலில் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு பலகையில் எழுதி வைத்தால் பாதி ஏஜென்ட்டுகளுக்குப் பிழைப்பு இருக்காது. அதற்கு ஏன் இத்தனை ஆண்டுகளாக ஒருவருக்கும் மனம் வரவில்லை?

சூப்பர் மார்க்கெட்டில் பதிவு எண் கேட்பார்கள். யாரிடம் வாங்கினோம் என்று கணக்குக் காட்ட வேண்டியவர்கள் அவர்கள். அங்கே போய்ச் சட்டம் பேசிப் பயனில்லை. அக்ஷயா என்னும் அரசு இணைய சேவை மையத்தில், உணவுப் பாதுகாப்புப் பதிவுக்கான ஃபாஸ்காஸ் இணையதளத்தின் வழியாக நீங்களே விண்ணப்பியுங்கள். அரசுக் கட்டணம் மிகச் சிறியது. ஓட்டோடு விற்கும் முட்டைக்கு ஜிஎஸ்டி கிடையாது. அதைச் சொல்லிப் பணம் கேட்டாலும் தராதீர்கள்.

அடுத்து முட்டைத் தரகர் வருவார். 'நாடன் முட்டை' எனப்படும் நாட்டுக்கோழி முட்டைக்குக் கேரளத்தில் நல்ல விலை உண்டு. வெள்ளை முட்டைக்குத் தேயிலைச் சாயம் ஏற்றி நாடன் முட்டை என்று விற்கும் மோசடி நடக்கிறது. அந்தச் சாய முட்டை அட்டையின் மேல் வரிசையில் வைத்துக் காட்ட உங்கள் முட்டை அவருக்குத் தேவை. விற்ற பிறகு பணம் தருவார், பாதி அழுகிவிட்டது என்று கழித்துக்கொள்வார். அழுகிய முட்டையை நீங்கள் கண்ணால் பார்க்கமாட்டீர்கள். கடைக்காரரோடு நேராகப் பேசுங்கள். வாரம் ஒருமுறை பணம், விற்காத முட்டையை நீங்களே எண்ணித் திரும்ப எடுப்பது என்று முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். பொள்ளாச்சிக் கடைகளை நம்பி மட்டும் தொடங்க வேண்டாம். பறவைக் காய்ச்சல் வந்தால் தமிழ்நாட்டு எல்லையில் உள்ள கோபாலபுரம் சோதனைச் சாவடியில் முட்டை வண்டி நின்றுவிடும்.

முட்டையைக் கழுவாதீர்கள். ஓட்டின் மேல் இயற்கையாக உள்ள காப்புப் படலம் போய்விடும். அழுக்கானதை வீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். சேவல் இருந்தால் உடனே பிரித்துவிடுங்கள். பாலக்காட்டு வெயிலில் சேவலோடு சேர்ந்த கோழியின் முட்டைக்குள் கரு வளரத் தொடங்கிவிடும். உடைத்த முட்டையில் இரத்த நரம்பைப் பார்த்த வாடிக்கையாளர் நேராகக் கடைக்காரரிடம்தான் போவார். அந்தக் கடைக்காரர் மறுபடி உங்களிடம் வாங்கமாட்டார்.