தைராய்டு மாத்திரை தொடங்கிய பிறகும் முடி கொட்டுவது ஏன்?

தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டி.எஸ்.எச்.-இன் அளவு சரியாகிவிட்டதாக மருத்துவர் சொன்ன பிறகும் முடி கொட்டுகிறது, மாத்திரையை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நிறுத்தாதீர்கள். தைராய்டு குறைபாட்டிற்காகப் பல ஆண்டுகளாக மாத்திரை எடுத்துவருபவள் நான். இரத்தப் பரிசோதனை சீரான உடனேயே முடியும் சீராகிவிடுவதில்லை.

தலைமுடியில் பெரும்பகுதி சில ஆண்டுகள் நீளும் வளர்ச்சிப் பருவத்திலும், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஓய்வுப் பருவத்திலும் இருக்கும். தைராய்டு சுரப்பு குறையும்போது வேர்க்கால்களில் செல்கள் பெருகும் வேகம் தளர்ந்து, இன்னும் வளர வேண்டிய முடிகளும் கூட்டமாக ஓய்வுக்குப் போய்விடுகின்றன. அவை உடனே உதிராமல் இரண்டு மூன்று மாதங்கள் தலையிலேயே இருந்துவிட்டு விழுவதால், இன்று உங்கள் சீப்பில் சிக்குவது அநேகமாகச் சிகிச்சைக்கு முன்பே வளர்ச்சியை நிறுத்திவிட்ட முடிதான். அதன் அடியில் குண்டூசித் தலை அளவுக்கு வெள்ளையாக ஒரு முடிச்சு தெரியும். வேரே பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டதென்று என் அக்கா அதைப் பார்த்துப் பதறியதுண்டு. உண்மையில் அது ஓய்வுப் பருவம் முடிந்து தானாக விழுந்த முடியின் அடையாளம், வேர்க்கால் தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. புதிய முடி கண்ணுக்குத் தெரிய ஆறு மாதங்களோ அதற்கு மேலோ ஆகலாம்.

தைராய்டினால் வரும் உதிர்வு தலை முழுவதும் பரவலாக இருக்கும். சிலருக்குப் புருவத்தின் வெளி ஓரமும் மெலியும். சுரப்பு மிகுந்தாலும் முடி கொட்டும் என்பதால், மாத்திரையின் அளவைத் தாமாகக் கூட்டுவதில் பயனில்லை. வட்டமாகச் சொட்டை விழுந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். தைராய்டைத் தாக்கும் அதே வகை நோய் எதிர்ப்புக் கோளாறு அது என்பதால் தோல் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்கி, காப்பிக்கும் காலை உணவுக்கும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு நான்கு மணி நேர இடைவெளி தேவை. பெண்களுக்கு இரும்புச்சத்துக் குறைவும் சேர்ந்தே இருப்பது சகஜம் என்பதால், உடலில் சேமிப்பிலுள்ள இரும்புச்சத்தைக் காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். முடிக்கென்று பலரும் வாங்கும் பயோட்டின் மாத்திரை தைராய்டு பரிசோதனையின் முடிவையே தவறாகக் காட்டக்கூடும். இரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்னதாகவாவது அதை நிறுத்தி, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.